வெட்பாலைத் தைலமும் கோவாத் தூளும்

நம் அறைவீட்டு மேசையின்மேல் ஒரு வாரமாக ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. அதனுள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தைலம். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் நம் பங்கைச் சேர்ந்த தாயார் ஒருவர் அதை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்தார். "சாமி, இது வெட்பாலைத் தைலம். மகனுக்காக நானே காய்ச்சினேன். இதைத் தடவலாமா கூடாதா என்று நீங்கள் கேட்டுச் சொன்னால்தான் தொடுவேன் என்கிறான்" என்று சொல்லி, புட்டியை மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றார்.

மருந்தைப் பற்றிக் குருவானவரிடம் கேட்பானேன் என்று வாசகர்கள் வியக்கலாம். கேட்டதற்குக் காரணம் உண்டு. அதில் நம் பிழையும் கலந்திருப்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

அவருடைய மகன் நம் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். ஞாயிறுதோறும் சிறுவர்களுக்கு மறைக்கல்வியும் கற்பித்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய முழங்கைகளிலும் முழங்கால்களிலும் சிவந்த தடிப்புகள் தோன்றின. அவற்றின்மேல் வெள்ளிபோல் மின்னும் செதில்கள் படிந்து, தொட்டால் தவிடாக உதிர்ந்தன. பின்னர் அவை தலைக்கும் முதுகுக்கும் பரவின. அரசு மருத்துவமனையில் அதற்குச் சோரியாசிஸ் என்று பெயர் சொன்னார்கள். ஆர்மோனியக் கட்டைகளின்மேல் செதில் உதிர்ந்து கிடப்பதைக் கண்ட சிலர் முகம் சுளித்தனர். ஒரு குடும்பத்தார் தம் பிள்ளையை மறைக்கல்வி வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டு நம்மிடம் வந்து, "ஒட்டுவாரொட்டியோ என்னவோ, நமக்கேன் வம்பு சாமி?" என்றனர். அந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது என்பதைக் கேட்டறிந்து, அடுத்த ஞாயிறே பீடத்திலிருந்து எடுத்துரைத்திருக்க வேண்டியது நம் கடமை. நாமோ அவ்விளைஞரை அழைத்து, "தம்பி, சரியாகும்வரை கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்" என்றோம். அவர் மறுவார்த்தை பேசாமல் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டுச் சென்றார்.

விரைவில் சரியாகிவிட வேண்டும் என்ற அவசரம் நாம் சொன்ன அந்தச் சொல்லால்தான் அவருக்கு வந்தது. பக்க விளைவே இல்லாத முழு மூலிகைச் சூரணம் தருகிறாராம் என்று வெளியூர் ஆசாமி ஒருவரைப் பற்றி யாரோ சொல்ல, அங்கே செல்வதற்குப் பயணச் செலவையும் நாமே கொடுத்தோம். மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை அவர் நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் தோல் பளபளவென்று ஆயிற்று. முகமும் உருண்டு பருத்தது. "உடம்பு தேறிவிட்டதே!" என்று பாராட்டினோம். ஆறாம் மாதம் சூரணம் கிடைக்கவில்லை. நிறுத்திய மூன்றாம் வாரத்தில் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நெருப்பாகச் சிவந்து, சீழ்க் கொப்புளங்கள் எழுந்து, குளிரால் உடல் நடுங்கிற்று. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பத்தொன்பது நாள் கிடந்தார். மிச்சமிருந்த சூரணத்தைச் சோதித்ததில், ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்து அதில் கலந்திருந்தது தெரிய வந்தது. முகம் உருண்டதும் அதனால்தான். ஸ்டீராய்டை உள்ளுக்குச் சாப்பிட்டு வந்து திடீரென நிறுத்தினால் இந்நோய் இவ்வாறு சீறி எழும் என்பது மருத்துவர் அனைவரும் அறிந்த செய்தி. நமக்குத்தான் தெரியவில்லை.

ஆகையால் இம்மாதப் பக்கத்தை அந்தப் புட்டிக்கென்றே ஒதுக்குகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் இம்முறை கேளாமலும் படியாமலும் வாய் திறப்பதில்லை எனத் தீர்மானித்து, தோல் நோய் மருத்துவர் ஒருவரையும் சித்த மருத்துவர் ஒருவரையும் நேரில் கண்டு பேசினோம். படிக்கக் கிடைத்தவற்றையும் பொறுமையாகப் படித்தோம்.

சோரியாசிஸைச் சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பர். இதற்குக் காரணம் கிருமியுமன்று, அழுக்குமன்று. நம் தோலின் மேற்படையில் உயிரணுக்கள் அடியிலே பிறந்து, மெல்ல மேலேறி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் உதிர்கின்றன. சோரியாசிஸ் உள்ள இடத்தில் இப்பயணம் நான்கைந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து செதிலாகின்றன. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் இல்லாத பகைவனைக் கண்டாற்போல் தோலுக்குள் திரண்டு, 'வளர், வளர்' என்று ஓயாமல் கட்டளை அனுப்பிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். குடும்ப வழியாக வரும் இயல்பு ஒரு பாதி. தொண்டைப்புண், மனவேதனை, புகை, மது, தோலில் படும் காயம், வேறு நோய்க்கு உண்ணும் சில மருந்துகள் ஆகியவை அதைத் தூண்டும் மறுபாதி. சொறிந்த கீறலின் வழியே புதிய தடிப்பு கோடாக எழும். நோயுற்றோரில் பத்தில் மூவர் வரை மூட்டு வாதத்துக்கும் ஆளாகின்றனர். காலையில் விரல் மூட்டுகள் விறைத்து நின்றால், தோல் தெளிவாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அடக்கி வைக்கலாம், ஆண்டுக்கணக்கில் தெளிந்தும் இருக்கலாம். ஆயின் வேரோடு போக்கும் மருந்து இன்றுவரை எம்முறையிலும் இல்லை. 'நிரந்தரமாக ஒழிப்போம்' என்று சுவரில் எழுதுகிறவர் யாராயினும், அவருடைய மற்றச் சொற்களையும் அந்த அளவிலேயே எடுத்துக்கொள்க.

குருமடத்தில் லேவியர் ஆகமத்தின் 13-ஆம் அதிகாரத்தைப் படித்தபோது நமக்கு அது சலிப்பூட்டியது. தோலில் தோன்றும் தடிப்பையும் நிறத்தையும் மயிரையும் குரு பார்த்து, ஏழு நாள் ஒதுக்கி வைத்து, மறுபடியும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று அது விரிவாகக் கூறுகிறது. அங்கு வரும் எபிரேயச் சொல் 'சாரஅத்' என்பது. கிரேக்க மொழியில் அதை 'லெப்ரா' என்று பெயர்த்தார்கள். செதில் என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது அது. பிற்காலத்தில் அச்சொல் தொழுநோய்க்கே உரியதாகிவிட்டது. ஆயின் அந்த அதிகாரத்தில் சொல்லப்படும் அடையாளங்கள் தொழுநோயோடு நன்கு பொருந்தவில்லை என்றும், பல தோல் நோய்கள் அப்பெயருக்குள் அடங்கியிருந்தன என்றும், சோரியாசிஸும் அவற்றுள் ஒன்றாகலாம் என்றும் விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். இடைக்கால ஐரோப்பாவில் தொழுநோயாளர் எனத் தள்ளி வைக்கப்பட்டவர்களுள் இந்நோயுடையோரும் இருந்திருக்க வேண்டும். 1841-இல்தான் வியன்னா நகர மருத்துவர் ஹெப்ரா, 'லெப்ரா' என்ற சொல்லையே இந்நோயின் பெயரிலிருந்து நீக்கி, இரண்டையும் திட்டமாகப் பிரித்தார். உலகச் சுகாதாரப் பேரவை இது தொற்றா நோய் எனத் தீர்மானத்திலேயே எழுதி, நோயாளரை ஒதுக்கும் வழக்கத்தைக் கண்டித்தது 2014-இல். பழைய உடன்படிக்கையின் குருவாவது ஏழு நாள் கழித்து மறுபடியும் பார்த்தார். நாம் ஒருமுறைகூடப் பார்க்காமலே ஓய்வெடுக்கச் சொன்னோம்.

இனி மருந்துக்கு வருவோம். மூலிகை என்றால் சித்த வைத்தியம், மாத்திரை என்றால் ஆங்கில வைத்தியம் என்று நாம் கோடு கிழித்து வைத்திருக்கிறோம். சோரியாசிஸ் மருந்தின் வரலாறு அந்தக் கோட்டை மதிக்கவில்லை. அதற்குச் சான்றாகக் கோவாத் தூளின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

பிரேசில் நாட்டின் பாகியா மாநிலத்துக் காடுகளில் அரரோபா என்னும் பெருமரம் உண்டு. அதன் அடிமரத்துப் பிளவுகளில் மஞ்சள் நிறத் தூள் ஒன்று திரண்டிருக்கும். மரத்தைப் பிளப்போரின் கண்ணையும் முகத்தையும் அது எரித்துவிடும். போர்த்துக்கீசிய வணிகத்தின் வழியே அத்தூள் கோவாவுக்கு வந்து, படர்தாமரைக்குப் பேர்போன மருந்தாயிற்று. கோவாவிலிருந்து பம்பாய்க்கும் இலண்டனுக்கும் சென்றபோது, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாமல், 'கோவாத் தூள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அது பிரேசில் மரத்தின் தூளே என்ற உண்மை 1870-களின் நடுவில்தான் வெளிப்பட்டது. (நம் ஊரில் படர்தாமரைக்கு அரைத்துப் பூசும் சீமையகத்தி இலையிலும் இதற்கு உறவான பொருள் உண்டு. அதற்கு வண்டுகொல்லி என்று பெயரிட்ட நம் முன்னோர் அதன் காரத்தை அறிந்தவர்களே.) 1876-இல் இலண்டன் தோல் மருத்துவர் பல்மானோ ஸ்குவயர், படர்தாமரை என்று தவறாக எண்ணி இத்தூளைப் பூசிய ஒருவருக்குச் சோரியாசிஸ் தெளிந்திருக்கக் கண்டார். ஒரு நோய்க்கு வைத்த மருந்து வேறொரு நோயைக் காட்டிக் கொடுத்தது. அன்றுமுதல் அத்தூளிலிருந்து எடுத்த கிரைசரோபின் ஐரோப்பிய மருத்துவமனைகளில் களிம்பாயிற்று. முதல் உலகப் போரில் கப்பல் வழி அடைபட்டுத் தூள் வராமற்போகவே, 1916-இல் ஜெர்மானியர் அதைப் போன்றதொரு பொருளை ஆலையிலேயே செய்தனர். டித்ரனால் என்னும் அம்மருந்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் தோல் மருத்துவர்கள் மறக்கவில்லை.

டித்ரனால் வேலை செய்யும். ஆயின் வைத்துக்கொண்டு வாழ்வது கடினம். நல்ல தோலில் பட்டால் எரிக்கும். தோலையும் துணியையும் பழுப்பும் ஊதாவுமாகக் கறைப்படுத்தும். படுக்கை விரிப்பு பாழாகும். தொழிலுக்குச் செல்பவர், சிறு வீட்டில் பலரோடு உறங்குபவர், கடன் வாங்கி வேட்டி எடுப்பவர் இவர்களெல்லாம் இரண்டு வாரத்தில் களிம்பை வீசிவிடுவர். மருந்து தோற்றதன்று, மருந்தைக் கொண்டு சேர்க்கும் வழி தோற்றது. இந்த இடத்தில்தான் 'புதிய முறையில் மருந்தைச் செலுத்துதல்' என்று இக்காலத்தார் பேசும் செய்தி வருகிறது.

தோலின் மேற்படையை ஒரு மதிலாக எண்ணிக்கொள்ளலாம். இறந்த அணுக்கள் செங்கல். அவற்றுக்கிடையேயுள்ள கொழுப்பு சாந்து. வெளியிலிருந்து எதுவும் எளிதில் புகாதபடி இறைவன் கட்டிய மதில் அது. சோரியாசிஸில் அதன்மேல் செதிற்குப்பையும் குவிந்து கிடக்கிறது. களிம்பிலுள்ள மருந்தில் பெரும்பங்கு மதிலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. சாந்து கொழுப்பாதலின், மருந்தையும் கொழுப்புக்குள் பொதிந்து அனுப்பினால் என்ன என்று எண்ணினார்கள். முட்டை மஞ்சட்கருவிலும் சோயா மொச்சையிலும் லெசிதின் என்னும் பொருள் உண்டு. அதன் தலை நீரை விரும்பும். வால் எண்ணெயை விரும்பும். நீரில் இட்டால் தலைகள் வெளிப்புறமும் வால்கள் உட்புறமுமாகத் தாமே அணிவகுத்து, கண்ணுக்குப் புலனாகாத நுண்குமிழிகளாகத் திரளும். 1960-களில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே பாங்கம் என்னும் அறிஞர் இதைக் கண்டறிந்தார். லிப்போசோம் என்று அதற்குப் பெயர். குமிழிக்குள் மருந்தை அடைத்துப் பூசினால், அது மதிலின் சாந்தோடு கலந்து, உள்ளிருப்பதைச் சிறிது சிறிதாக அவிழ்க்கிறது.

சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் அறிஞர்கள் டித்ரனாலை இந்தக் குமிழிக்குள் அடைத்தார்கள். குறைந்த அளவு மருந்தே போதுமானதாயிற்று. எரிச்சலும் கறையும் பெரிதும் குறைந்தன. 2007-இல் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் அதன் சோதனை வெளிவந்தது. நம் நாட்டில் அது விற்பனைக்கும் வந்தது. பிரேசில் மரத்துப் பிளவில் தொடங்கி, கோவா, இலண்டன், ஜெர்மனி எனச் சுற்றி, சண்டிகரில் ஒரு கொழுப்புக் குமிழிக்குள் வந்து அமர்ந்த மருந்தை எந்த வைத்தியத்தில் சேர்ப்பது? நமக்கு விடை தெரிந்திருந்தால், சூரணத்துக்குப் பணம் கொடுத்திருக்கமாட்டோம்.

நம் மேசைமேலுள்ள புட்டிக்கும் இதுபோன்றதொரு சுற்றத்தார் உண்டு. வெட்பாலை தமிழகத்தில் வறண்ட குன்றுகளிலும் வேலியோரங்களிலும் வளரும் சிறுமரம். சன்னபட்டணத்து மரப்பொம்மைகள் இந்த வெண்மரத்தில் கடைந்தவையே. இதன் இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் இட்டு, அடுப்பேற்றாமல் வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் ஊதா நிறம் கொள்ளும். அந்தத் தாயார் 'காய்ச்சினேன்' என்றது வாய் வழக்கு, காய்ச்சியது சூரியன். சித்த மருத்துவமனைகளில் காளாஞ்சகப்படைக்கு நெடுங்காலமாகத் தரப்படும் தைலம் இது. சென்னையிலுள்ள மத்திய சித்த ஆராய்ச்சி நிலையத்தில் ஆராயப்பட்டு, '777' என்ற எண்ணால் பலரும் அறிந்த தைலமும் இவ்வகையதே. இலையைப் பகுத்தாய்ந்தவர்கள் அதில் நீலச் சாயப் பொருளையும் இண்டிரூபின் என்னும் செந்நிறப் பொருளையும் கண்டனர். தாவரவியலார் வைத்த பெயரிலேயே இதைச் சாய மரம் என்று குறித்திருக்கிறார்கள்.

இந்த இண்டிரூபின் நம்மைத் தைவானுக்கு அழைத்துச் செல்கிறது. சீன வைத்தியத்தில் 'சிங்தாய்' என்பது அவுரி போன்ற சாயச் செடிகளிலிருந்து எடுக்கும் நீலத் தூள். தைவான் மருத்துவர்கள் 42 நோயாளருக்கு உடலின் ஒரு பக்கம் சிங்தாய்க் களிம்பும் மறுபக்கம் மருந்தில்லாத வெறுங்களிம்பும் பன்னிரண்டு வாரம் பூசினர். 2008-இல் வெளியான முடிவின்படி, மருந்து பூசிய பக்கத்தில் 31 பேருக்குத் தடிப்பு முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ மறைந்தது. சிங்தாயும் கறைப்படுத்தும், ஆகையால் பின்னர் அதிலிருந்து இண்டிரூபின் மிகுந்த பகுதியை மட்டும் எண்ணெயில் பிரித்தெடுத்து, நிறம் தெளிந்த மருந்தாக்கினர். தோல் அணுவுக்குள் உள்ள ஒரு வகைப் பூட்டை இண்டிரூபின் திறக்கிறது என்றும், அதனால் வளர்ச்சிக் கட்டளை தணிகிறது என்றும் அறிந்தனர். அமெரிக்காவில் 2022-இல் அனுமதி பெற்ற டாபினரோஃப் என்னும் புதிய களிம்பும் அதே பூட்டைத்தான் திறக்கிறது. அதன் மூலப்பொருள் மண்புழு இனமல்லாத ஒரு நுண்புழுவினுள் வாழும் பாக்டீரியாவிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. திறவுகோல் எந்தக் காட்டில் கிடைத்ததென்று பூட்டு கேட்பதில்லை.

இதைக் கேட்டதும், 'அப்படியானால் வெட்பாலை வென்றது' என்று தாயாரிடம் ஓடத் தோன்றிற்று. தோல் மருத்துவர் நம்மைத் தடுத்து, வேறொரு செடியின் கதையைச் சொன்னார். சோற்றுக்கற்றாழைக் களிம்பு பூசிய 30 பேரில் 25 பேர் தெளிந்தனர், வெறுங்களிம்பு பூசியவர்களுள் இருவரே தெளிந்தனர் என்று 1996-இல் பாகிஸ்தானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. உலகமே கற்றாழையைக் கொண்டாடிற்று. 2005-இல் டென்மார்க்கில் 41 பேரிடம் செய்த ஆய்வில், மருந்தில்லாத வெறுங்கூழே கற்றாழையைவிடச் சற்று மிகுதியாக நலம் தந்தது! மருந்தைச் சுமக்கும் கூழும் எண்ணெயும்கூடச் செதிலை இளக்கி, ஈரத்தைக் காத்து, அரிப்பைத் தணிக்கின்றன. வெட்பாலைத் தைலத்தில் எவ்வளவு இலையின் வேலை, எவ்வளவு தேங்காயெண்ணெயின் வேலை என்பதைத் தைவானில் செய்ததுபோல் இடப்பக்கம் வலப்பக்கமாக வைத்துப் பார்த்தாலன்றிச் சொல்ல முடியாது. சித்த மருத்துவரும் இதை மறுக்கவில்லை. "அப்படிப் பெரிய அளவில் சோதிக்க வேண்டும் என்றுதான் நாங்களும் கேட்கிறோம், ஃபாதர்" என்றார்.

மஞ்சளின் கதையும் இத்தகையதே. அதிலுள்ள குர்க்குமின் ஆய்வுக் குடுவையில் அழற்சியை அடக்குகிறது. ஆயின் நீரில் கரையாது; உண்டாலும் இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேரும். நாளொன்றுக்கு நாலரை கிராம் வீதம் 12 பேருக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2008-இல் வந்தது; இருவருக்கே குறிப்பிடத்தக்க நலம் தெரிந்தது. 2015-இல் இத்தாலியர், நாம் மேலே சொன்ன லெசிதினோடு குர்க்குமினைப் பிணைத்து, ஸ்டீராய்டுக் களிம்பு பூசிவந்த நோயாளருக்குத் துணையாகக் கொடுத்தபோது, களிம்பு மட்டும் பூசியவர்களைவிட அவர்களுக்கு நலம் கூடிற்று. மஞ்சள் அதே மஞ்சள், வண்டிதான் வேறு. இதனால் கடையில் கிடைக்கும் மஞ்சள் மாத்திரையை அள்ளி விழுங்கலாகாது. உடலில் நன்கு சேரும்படி மிளகுச் சத்தோடு செறிவாக்கிய மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டது பதிவாகியிருக்கிறது. வண்டி நன்றாக ஓடினால் நஞ்சும் விரைவாகத்தான் போய்ச் சேரும். சிங்தாயை உள்ளுக்குச் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் இரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியதைக் கண்டு, ஜப்பான் அரசு 2016-இல் எச்சரிக்கை விடுத்தது. பூசிய தோலில் நலம் செய்தது, வயிற்றுக்குள் போனபோது வேறு முகம் காட்டியது.

கார்போகரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலுள்ள சோராலென் வகைப் பொருள் தோலை ஒளிக்கு இணங்கச் செய்யும். எகிப்திய நாட்டுச் செடி ஒன்றிலிருந்து எடுத்த இதன் உறவுப் பொருளை உட்கொள்ளச் செய்து, அளந்த புற ஊதாக் கதிரைக் காட்டும் சிகிச்சையை 1974-இல் அமெரிக்கர் வெளியிட்டனர். ஆயிரக்கணக்கானோர் அதனால் தெளிந்தனர். அங்கே கதிருக்கும் அளவுண்டு, மருந்துக்கும் அளவுண்டு; அவ்வாறிருந்தும் பல ஆண்டு தொடர்ந்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்புக் கூடியது தெரியவரவே, எச்சரிக்கையாயினர். கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு சித்திரை வெயிலில் மாடியில் உட்கார்ந்தவர்கள் தோல் வெந்து வருவதுண்டு என்று மருத்துவர் சொன்னார்.

இப்போது 'நானோ' என்ற சொல்லும் சந்தைக்கு வந்துவிட்டது. நானோத் துகள், நானோக் குழம்பு, சாராயம் கலந்த குமிழி, வலியில்லா நுண்ணூசி ஒட்டு எனப் பலவற்றை ஆராய்கிறார்கள், நல்ல முயற்சிகளே. ஆயின் செய்தித்தாளில் 'மூலிகை நானோ மருந்து சோரியாசிஸைக் குணப்படுத்தியது' என்று கண்டால், யாரைக் குணப்படுத்தியது என்று பாருங்கள். பெரும்பாலும் சுண்டெலியாக இருக்கும். அதன் முதுகை மழித்து, இமிக்குவிமோட் என்னும் களிம்பைச் சில நாள் பூசினால் சோரியாசிஸ் போன்றதொரு சிவப்பு எழும். பூசுவதை நிறுத்தினால் எலி தானே தேறிவிடும். நம் இளைஞருடைய நோய் அத்தகையதன்று. மனிதரிடம் சோதித்து, அனுமதி பெற்ற சரக்கா என்பதே கேள்வி. இதைக் கேட்க நமக்கு விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. புட்டியில் என்னென்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யார் செய்தார், உரிம எண் உண்டா என்பவற்றை எழுத்தில் கேட்டாலே போதும். அந்தச் சூரணப் பொட்டலத்தில் ஒரு பெயர்கூட இல்லை. பத்து நாளில் மாயமாக மறையும் தடிப்பு, திடீரென்று ஊறும் பசி, உருளும் முகம் ஆகியவை மூலிகையின் குணம் அல்ல, ஸ்டீராய்டின் கைரேகை.

சொல்ல மறந்துவிடக் கூடாத இன்னொன்று: நோய் எதிர்ப்பு அணுக்கள் அனுப்பும் கட்டளையையே குறிபார்த்துத் தடுக்கும் ஊசி மருந்துகள் கடந்த இருபதாண்டுகளில் வந்துள்ளன. பலருக்குத் தோல் ஏறக்குறைய முழுதும் தெளிகிறது. விலைதான் எளியோர் கைக்கு எட்டுவதாக இல்லை. அரசு மருத்துவமனையில் கேளாமல் யாரும் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் கதிர்ச் சிகிச்சையும் இன்றும் நல்ல துணைகளே. அம்மாத்திரையை நாள்தோறும் உண்பது உயிருக்கே கேடு என்பதைப் படிக்காத முதியோருக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் நாட்காட்டியில் குறித்துக் காட்டுக.

இரு மருத்துவரிடமும் பெற்ற மறுமொழியைச் சென்ற வியாழனன்று அந்தத் தாயாரிடம் சொன்னோம். மருத்துவமனை மருந்தை நிறுத்தலாகாது. முன்கையில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் ஒரு வாரம் தடவி, எரிச்சல் இல்லையென்றால் தடித்த இடங்களில் மட்டும் பூசலாம். வெடித்த தோலிலும் சீழ் கண்ட இடத்திலும் வேண்டாம். அடுத்த முறை தோல் மருத்துவரைப் பார்க்கும்போது புட்டியையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். பழைய சட்டையாக உடுத்திக்கொள்ளட்டும் என்றும் சொன்னோம். "இலையை எங்கே பறித்தீர்கள் அம்மா?" என்று கேட்டதற்கு, வாய்க்காற்கரை மரத்தில் என்றார். வெட்பாலையையும் குடசப்பாலையையும் பிரித்தறியாமல் பறிப்போர் உண்டு என்று சித்த மருத்துவர் சொல்லியிருந்தார். எண்ணெய் ஊதாவானது நல்ல அடையாளமே. ஆயினும் காயோடு ஒரு கொப்பை ஒடித்து, சனிக்கிழமை அவரிடம் காட்டுவதாக ஏற்பாடு. அதுவரை புட்டி நம் மேசைமேலேயே இருக்கும். அதை வைத்த இடத்தில் மேசை விரிப்பில் ஊதா வட்டம் ஒன்று விழுந்திருக்கிறது. உபதேசியார் எலுமிச்சை தேய்த்தும் அது போகவில்லை.

அவ்விளைஞரிடம் நாம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டது சென்ற தவக்காலத்தில். சோரியாசிஸ் தொற்றாது என்பதை மூன்று ஞாயிறு தொடர்ந்து பீடத்திலிருந்து சொன்னோம், காரணத்தையும் மறைக்கவில்லை. பிள்ளையை நிறுத்திய குடும்பத்தாரும் அவர் வீட்டுக்குச் சென்று வந்தனர். திரும்பவும் ஆர்மோனியத்துக்கு வர வேண்டும் என்று நாம் கேட்டதற்கு, "யோசித்துச் சொல்கிறேன் சாமி" என்றார். இன்னும் சொல்லவில்லை. அதன் துருத்தியில் எலி கடித்த ஓட்டையைத் தைக்கக் கொடுத்திருக்கிறோம்.